தமிழ் எழுத்தில் மனைவியின் நோயைக் குறித்து வைத்த கணவர்... வர்ஜீனியா வுல்ஃப் வாழ்க்கை நமக்குச் சொல்வது என்ன?

1913-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஒரு கணவர் தன் டைரியில் சங்கேதக் குறிப்புகள் எழுதத் தொடங்குகிறார். மனைவி ராத்திரி தூங்கினாரா, இன்று மனநிலை எப்படி இருந்தது என்பதெல்லாம்தான் விஷயம். அடுத்தவர் கண்ணில் பட்டாலும் புரியக்கூடாது. அதற்காக அவர் கையில் எடுத்தது என்ன தெரியுமா? தமிழ் எழுத்துகளையும் சிங்கள எழுத்துகளையும்தான்.

அந்தக் கணவர் பெயர் லியோனார்ட் வுல்ஃப். மனைவி, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஆங்கில எழுத்தாளர்களில் ஒருவரான வர்ஜீனியா வுல்ஃப். 9 நாவல்கள் எழுதியவர். பெண் எழுத வேண்டுமென்றால் அவளுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் பணமும், பூட்டிக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்று 1929-லேயே வாதாடியவர்.

அவருக்கு இருந்த நோயை இன்றைய மனநல நிபுணர்கள் பலர் பைபோலார், அதாவது இருதுருவ மனநோய் என்றே பார்க்கிறார்கள். ஆனால் அவர் கதையில் மனசு மட்டும் இல்லை. காய்ச்சல், தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை என்று உடம்பும் வாழ்நாள் முழுக்கப் படுத்தியது. இரண்டுக்கும் பின்னால் ஒரு கஷ்டமான சிறுவயது இருந்தது. இந்த மூன்றுக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

லண்டன் வீடு, கொல்கத்தா அம்மா

வர்ஜீனியா பிறந்தது 1882 ஜனவரி 25, லண்டனில். அப்பா லெஸ்லி ஸ்டீஃபன், பெயர்பெற்ற எழுத்தாளர், பதிப்பாசிரியர். அம்மா ஜூலியா பிறந்தது நம்ம கொல்கத்தாவில், 1846-இல். ஜூலியாவின் தந்தை அங்கே மருத்துவராக இருந்தவர்.

அப்பா, அம்மா இருவருக்குமே இது இரண்டாவது திருமணம். அம்மாவின் முதல் திருமணத்தில் மூன்று பிள்ளைகள், அப்பாவின் முதல் திருமணத்தில் ஒரு பெண், இருவருக்கும் சேர்ந்து நான்கு என ஒரே வீட்டில் எட்டு பிள்ளைகள். அப்பாவின் மூத்த பெண் லாராவுக்கு மனவளர்ச்சியில் சிக்கல் இருந்தது. வீட்டிலேயே தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், பிறகு அவரைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மனசு சரியில்லை என்றால் வீட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவர் வர்ஜீனியா.

பரம்பரைத் தொடர்பும் இருந்தது. அப்பாவும் தாத்தாவும் மனச்சோர்வில் அடிக்கடி விழுந்தவர்கள். பெரியப்பா மகன் ஒருவர் கடுமையான மனநோயால் இளவயதிலேயே இறந்தார். அதனால் சிறுவயதுக் கஷ்டம் மட்டுமே நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே ஈரமாக இருந்த சுவரில் மழையும் அடித்தால் என்னவாகும்? அப்படித்தான் இவர் விஷயத்திலும் நடந்தது.

11 ஆண்டுகளில் 4 மரணங்கள்

1895 மே மாதம் அம்மா இறந்தார். வர்ஜீனியாவுக்கு அப்போது 13 வயது. அந்தக் கோடையில்தான் முதல்முறையாக மனம் உடைந்தது. கவனியுங்கள், அந்த முதல் பாதிப்பிலேயே உடம்பும் சேர்ந்துகொண்டது. நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடியது. வீட்டு மருத்துவர் பாடங்களை நிறுத்தச் சொன்னார், தினமும் சில மணி நேரம் வெளியே நடக்கச் சொன்னார். அவ்வளவுதான் வைத்தியம்.

அம்மாவுக்குப் பிறகு வீட்டைத் தாங்கியவர் அம்மாவின் மூத்த மகள் ஸ்டெல்லா. 1897 ஏப்ரலில் அவருக்குத் திருமணம் ஆனது. ஜூலையில் அவரும் இறந்துபோனார். வர்ஜீனியாவுக்கு வயது 15.

1904 பிப்ரவரியில் அப்பா புற்றுநோயால் இறந்தார். இந்தமுறை பாதிப்பு கடுமையாக இருந்தது. இல்லாத குரல்கள் கேட்டன, சாப்பிட மறுத்தார், தன் உயிருக்கே தீங்கு செய்துகொள்ள முயன்றார். ஒரு தோழியின் வீட்டில் நர்ஸ்கள் வைத்துப் பல வாரங்கள் பார்த்துக்கொண்டார்கள்.

1906 நவம்பரில் அண்ணன் தோபி. கிரீஸ் போய்விட்டு வந்தவரை டைஃபாய்டு கொண்டுபோனது. அவருக்கு வயது 26.

வீட்டுக்குள் நடந்த இன்னொன்று

மரணங்களைப் பற்றி ஊருக்கே தெரியும். ஆனால் வெளியே தெரியாத ஒன்றும் அந்த வீட்டில் நடந்தது.

அம்மாவின் முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகள் ஜார்ஜ், ஜெரால்ட். இருவருமே வர்ஜீனியாவைவிடப் பத்து வயதுக்கும் மேல் மூத்தவர்கள். மிகச் சிறிய குழந்தையாக இருந்தபோது ஜெரால்டும், அம்மா இறந்த பிறகு வந்த ஆண்டுகளில் ஜார்ஜும் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதை வர்ஜீனியா பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார்.

எப்போது தெரியுமா? ஜார்ஜைப் பற்றி நண்பர்கள் வட்டத்தில் படித்துக் காட்டியபோது அவருக்கு வயது 40-ஐ நெருங்கியிருந்தது. ஜெரால்டைப் பற்றி எழுதியபோது 57. அந்தக் குறிப்புகள் புத்தகமாக வெளிவந்தது 1976-இல், அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து. வெளி உலகம் பார்த்தது நல்ல குடும்பம், படித்த குடும்பம், ஹாலில் பெரிய மனிதர்கள் வந்து உட்காரும் வீடு. பிள்ளை எங்கே போய்ச் சொல்வாள்?

பால் குடி, படுத்திரு, படிக்காதே

அந்தக் காலத்து மருத்துவர்கள் அவருக்கு வைத்த பெயர் நரம்புத் தளர்ச்சி. பிரபல மருத்துவர் ஜார்ஜ் சாவேஜ் எழுதிக்கொடுத்தது ஓய்வு வைத்தியம். லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் 1910 முதல் சிலமுறை தங்க வைத்தார்கள். நிறையப் பால், நிறையச் சாப்பாடு, படுக்கை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, யாரையும் அதிகம் பார்க்கக் கூடாது. எழுத்தே மூச்சாக இருந்த ஒருவருக்கு இந்த வைத்தியம் எப்படி இருந்திருக்கும்?

1912-இல் அவர் வாழ்க்கையில் லியோனார்ட் வருகிறார். இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்து 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் போனவர் இவர். அங்கே கச்சேரியில் வேலை. தமிழ் கற்றுக்கொண்டார், மன்னார் கடலோர முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்த்தார். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. 1911-இல் விடுமுறையில் ஊர் திரும்பியவர், வர்ஜீனியாவுக்காக அந்த வேலையை விட்டார். 1912 ஆகஸ்ட் 10-இல் திருமணம்.

அடுத்த ஆண்டே மிக மோசமான பாதிப்பு. 1913 செப்டம்பரில் வர்ஜீனியா உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். யாழ்ப்பாணத்தில் கற்ற எழுத்துகள் லியோனார்டுக்குக் கைகொடுத்தது இந்தச் சமயத்தில்தான்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று மருத்துவர்களிடம் ஆளுக்கொரு கருத்து கேட்கப்பட்டது. கடைசியில் வேண்டாம் என்று முடிவானது. அந்த ஏக்கம் வர்ஜீனியாவை நீண்ட நாள் விடவில்லை.

1915-இல் முதல் நாவல் வெளிவந்த சமயத்தில் நோயின் மறுமுனை வந்தது. இரவு பகலாக நிறுத்தாமல் பேச்சு, பிறகு கோர்வையே இல்லாத பேச்சு, கோபம். பைபோலார் நோயில் மேனியா என்று சொல்லப்படும் உச்சநிலை இதுதான். மனம் பாதாளத்துக்கும் போகும், கட்டுக்கடங்காத வேகத்துக்கும் போகும், நடுவில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சாதாரணமாகவும் இருக்கும். அப்படி நன்றாக இருந்த ஆண்டுகளில்தான் அவர் அத்தனை புத்தகங்களையும் எழுதினார்.

காய்ச்சலுக்காகப் பல் பிடுங்கிய கதை

வர்ஜீனியாவின் உடம்புக்கு வந்த தொல்லைகள் ஒன்றிரண்டு இல்லை. நாள்கணக்கில் இருட்டறையில் படுக்க வைக்கும் தலைவலி. அடிக்கடி ஃப்ளூ. காரணமே தெரியாமல் ஏறும் காய்ச்சல். இதயத் துடிப்பில் கோளாறு.

1922-இல் நடந்ததைக் கேளுங்கள். ஜனவரியில் ஃப்ளூ வந்தது. காய்ச்சல் விடவே இல்லை. ஒரு மருத்துவர் இதயத்தைச் சந்தேகப்பட்டார், இன்னொருவர் நுரையீரலைச் சந்தேகப்பட்டார். கடைசியில் பல்லின் வேரில் கிருமி இருக்கும், அதுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று மூன்று பற்களைப் பிடுங்கினார்கள். பலன் இல்லை.

இது ஏதோ ஒரு டாக்டரின் தவறு இல்லை. பல்லிலும் டான்சிலிலும் ஒளிந்திருக்கும் கிருமிதான் உடல்நோய்க்கும் மனநோய்க்கும் காரணம் என்ற கொள்கை அன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செல்வாக்காக இருந்தது. அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவமனையில் நோயாளிகளின் பற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கினார்கள்.

1925 ஆகஸ்டில் ஒரு விருந்தில் மயங்கி விழுந்தார் வர்ஜீனியா. அதன்பிறகு பல மாதம் படுக்கை. காதலைப் பற்றியும் போரைப் பற்றியும் இவ்வளவு எழுதும் இலக்கியம், நோயில் கிடக்கும் உடம்பைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று அந்தப் படுக்கையிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். 1926-இல் வந்த அந்தக் கட்டுரை இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

யோசித்துப் பாருங்கள். ஜுரத்தை அளந்தார்கள், நாடியை எண்ணினார்கள், எடை பார்த்தார்கள், பல்லையும் பிடுங்கினார்கள். ஆனால் சின்ன வயதில் உனக்கு என்னம்மா நடந்தது என்ற கேள்வி அந்த வைத்தியத்தில் எங்கேயும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட டாக்டர்

அந்தக் கேள்வி மருத்துவத்துக்குள் வர 1980-கள் வரை ஆனது. அமெரிக்காவின் சான் டியாகோவில் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி உடல் பருமனுக்கு ஒரு சிகிச்சை மையம் நடத்தி வந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே திடீரென்று சிகிச்சையை விட்டுவிட்டுப் போனார்கள். ஏன் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார். பலரின் சிறுவயதில் பாலியல் கொடுமை இருந்தது தெரியவந்தது.

அதன் தொடர்ச்சியாக நடந்த பெரிய ஆய்வின் முதல் முடிவு 1998-இல் வெளியானது. பதில் சொன்னவர்கள் 9,508 பேர். குழந்தையாக இருந்தபோது அடி, அவமானம், பாலியல் கொடுமை, வீட்டில் மனநோய், வீட்டில் குடி, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தது, வீட்டில் ஒருவர் சிறை சென்றது என 7 வகைக் கஷ்டங்களைப் பற்றிக் கேட்டார்கள். கஷ்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வு மட்டுமல்ல, இதயநோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோய், புற்றுநோய் ஆகியவையும் படிப்படியாகக் கூடியிருந்தன.

பைபோலார் உள்ளவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. சிறுவயதில் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு நோய் சீக்கிரமே தொடங்குகிறது, அடிக்கடி திரும்பி வருகிறது. உடல்நோய்களும் கூடுதலாகச் சேர்கின்றன.

மனசுக்கு வந்தது உடம்புக்கு எப்படிப் போகிறது?

முதலாவது, ஆபத்து என்றால் நம் உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். ஆபத்து போனதும் அது அடங்கவேண்டும். ஆனால் வீடே பயமாக இருக்கும் குழந்தைக்கு அந்த அலாரம் அணைவதே இல்லை. வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, நோய் எதிர்ப்பு எல்லாம் தடுமாறும். உடம்புக்குள் லேசான அழற்சி நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இரண்டாவது, தூக்கம் கெடும். மனதைச் சமாளிக்க சிகரெட், மது என்று சிலர் போவார்கள்.

மூன்றாவது, மருந்து. பைபோலார் நோய்க்குத் தரும் சில மருந்துகள் உயிர் காப்பவை. அதேசமயம் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை.

நான்காவதுதான் நாம் மாற்றக்கூடியது. மனநோய் உள்ள ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால், அது டென்ஷனாக இருக்கும் என்று தட்டிக்கழிப்பது. வீட்டிலும் நடக்கிறது, ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி தற்கொலை என்று நினைத்தால் தவறு. இதயநோய், சர்க்கரை மாதிரி தடுக்கக்கூடிய, வைத்தியம் பார்க்கக்கூடிய உடல்நோய்கள்தான் அதிகம்.

அதற்காக சிறுவயதில் கஷ்டப்பட்ட எல்லோருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். தாங்கிப் பிடிக்க ஒரு நல்ல மனிதர் இருந்தாலே நிலைமை மாறும். வர்ஜீனியாவுக்கு அக்கா வனெஸ்ஸா இருந்தார், லியோனார்ட் இருந்தார். 1917-இல் இருவரும் ஒரு கை அச்சு இயந்திரம் வாங்கி வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். எழுத்துக் கோப்பது மனைவியின் மனதுக்கு ஆறுதல் தரும் என்பதும் ஒரு காரணம். அதுதான் பின்னால் ஹோகார்த் பிரஸ் என்ற பெயர்பெற்ற பதிப்பகம் ஆனது.

கடைசி மாதங்கள்

1940. இரண்டாம் உலகப்போர். லண்டனில் அவர்கள் இருந்த வீடுகள் குண்டுவீச்சில் சிதைந்தன. சசெக்ஸ் கிராமத்து வீட்டுக்குப் போனார்கள். சிறுவயது நினைவுகளை வர்ஜீனியா எழுதி வந்ததும் இந்த ஆண்டுகளில்தான். உடம்பு மெலிந்துகொண்டே போனது. மருத்துவரான தோழி ஆக்டேவியா வில்பர்ஃபோர்ஸ் தன் பண்ணையிலிருந்து பாலும் கிரீமும் கொண்டுவந்து கொடுத்தார்.

1941 மார்ச் 27-இல் லியோனார்ட் அவரை அந்த மருத்துவரிடம் அழைத்துப் போனார். மறுநாள், மார்ச் 28, வர்ஜீனியா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 59. பைபோலார் நோய்க்கு லித்தியம் உதவும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதியது 1949-இல். 8 ஆண்டுகள் தாமதம்.

இன்று நமக்கு என்ன?

நம்மிடம் இன்று மருந்து இருக்கிறது. ஆனாலும் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பைபோலார் உள்ளவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

• மனநல மருந்து சாப்பிடுபவருக்கு எடை, பிபி, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்க வேண்டும். டாக்டர் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

• லித்தியம் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு, தைராய்டு, சிறுநீரகம் ஆகிய பரிசோதனைகள் அவசியம்.

• எடை கூடுகிறது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தர வழி உண்டு.

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று சொன்னால் மனநோய் என்று ஒதுக்காதீர்கள். மற்றவர்களுக்குப் பார்ப்பது போலவே பாருங்கள்.

• சின்ன வயதில் நடந்ததைச் சொல்ல அவர் முன்வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம்.

• ஒரு குழந்தை, உறவினர் ஒருவர் பற்றி எதையாவது தயங்கித் தயங்கிச் சொன்னால், அந்தக் குழந்தையை நம்புங்கள். உதவிக்கு 1098.

மனநலச் சிகிச்சைக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நூம்பல், வேலப்பன்சாவடி பக்கம் இருப்பவர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. அரசு மனநலக் காப்பகமும் கீழ்ப்பாக்கத்திலேயே இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் போனில் பேசுங்கள்.

லியோனார்ட் தினமும் எழுதினார், அக்கறையோடு எழுதினார். ஆனால் யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்து எழுத வேண்டிய காலம் அது. இன்று அந்தக் குறிப்பை மறைக்க வேண்டியதில்லை. தூக்கம், மனநிலை, பிபி, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, டாக்டரிடம் எடுத்துப் போகலாம். புரியும்படியே எழுதலாம்.

(மனம் தளர்ந்தாலோ, தற்கொலை எண்ணம் வந்தாலோ உடனே பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ்: 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104. சினேகா, சென்னை: 044-24640050)